முதலீட்டாளரின் நாளேடு: ஒரு வரலாற்று நோக்கு

பொருளை ஈட்டும் வழி பற்றிக் கூறும் நூல்கள் பல உள. ஆயின், ஈட்டியோரும் இழந்தோரும் தம் செயல்களை எவ்வாறு எழுதி வைத்தனர், அவ்வெழுத்து அவர்களுக்கு யாது பயன் தந்தது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. ஒருவன் ஒரு கம்பனியின் பங்கை வாங்குகின்றான்; சில காலம் வைத்திருக்கின்றான்; பின்னர் விற்கின்றான். வாங்கிய விலையும் விற்ற விலையும் தரகரின் சீட்டிலே இருக்கும். ஏன் வாங்கினான், ஏன் விற்றான், வாங்கும்போது எதனை எதிர்பார்த்தான் என்பவை எந்தச் சீட்டிலும் இரா. இவற்றையும் விலையோடு சேர்த்து அன்றன்றே பதிந்து, காலத்துக்குக் காலம் திரும்பிப் படித்து, தன் மதிப்பீடு சரியானதா என ஆராயும் வழக்கத்தையே இக்கட்டுரை முதலீட்டாளரின் நாளேடு எனக் குறிக்கின்றது.

திருக்குறளிலே தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு வினையைத் தொடங்குமுன் அதனால் அழியக்கூடியதையும் ஆகக்கூடியதையும் பின்னர் வரக்கூடிய ஊதியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்னும் கருத்தோடு தொடங்குகின்றது. எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பது பழைய அறிவு. எண்ணியதை எழுதி வைத்தல் வேண்டும், எழுதியதை முடிவு தெரிந்தபின் மீண்டும் நோக்குதல் வேண்டும் என்பன வணிக வரலாறு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட பாடங்கள். அவ்வரலாற்றை மூன்று படிகளாகக் காணலாம். முதற்படியில் ஏடு கடனை நினைவூட்டிற்று. இரண்டாம் படியில் உடைமைக்குச் சான்றாயிற்று. மூன்றாம் படியில் எழுதினோனின் தீர்ப்பையே சோதிக்கும் உரைகல்லாயிற்று.

முதற்படியை இத்தாலியிலே காண்கின்றோம். புளோரன்சு நகருக்கு அண்மையிலுள்ள பிராத்தோ என்னும் ஊரைச் சேர்ந்தவன் பிரான்செஸ்கோ தத்தீனி என்னும் வணிகன். 1410 ஆம் ஆண்டிலே இறந்தபோது, தன் செல்வத்தின் பெரும்பகுதியை அவன் ஊர் ஏழைகளுக்கென விட்டுச் சென்றான். அவனுடைய ஏடுகளும் கடிதங்களும் அவன் மாளிகையின் படிக்கட்டின் கீழ் அடைபட்டுக் கிடந்து, 1870 ஆம் ஆண்டிலே மீண்டும் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் கடிதங்களும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட கணக்கேடுகளும் அங்குக் கிடைத்தன. கம்பளி, உப்பு, படைக்கலம், ஓவியம் எனப் பலவற்றில் வாணிகம் செய்த அவன், எந்த முயற்சி ஊதியம் தந்தது, எது தரவில்லை என்பதைப் பிரித்தறியவே இத்துணை ஏடுகளை வைத்திருந்தான். அவன் அரண்மனைவாசியோ படைத்தலைவனோ அல்லன். எனினும் பதினான்காம் நூற்றாண்டின் வாழ்வை அறிய விழையும் ஆராய்ச்சியாளர் இன்றும் அவன் ஏடுகளை நாடிச் செல்கின்றனர்.

இத்தாலிய வணிகர் கையாண்ட முறையை அச்சேற்றி உலகறியச் செய்தவர் ஒரு துறவி. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூக்கா பச்சோலி 1494 ஆம் ஆண்டு வெனிசு நகரில் வெளியிட்ட கணித நூலின் ஒரு பகுதி, இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை விளக்குகின்றது. அவர் அம்முறையைக் கண்டுபிடித்தவரல்லர். வெனிசு வணிகர் முன்னரே கையாண்டதை ஒழுங்குபடுத்தி எழுதியவர். வணிகன் மூன்று ஏடுகளை வைத்திருத்தல் வேண்டும் என்பது அவர் விதி. முதலாவது நினைவேடு. நடந்தது சிறிதாயினும் பெரிதாயினும் நடந்த உடனேயே விரிவாக இதிலே எழுதப்படும். தலைவன் இல்லாதபோது வீட்டாரும் பணியாளரும் எழுதலாம். இரண்டாவது நாளேடு. நினைவேட்டிலுள்ளவை நாள்முறைப்படி சுருக்கமாக, வரவு இன்னது, செலவு இன்னது என வகுத்து இதிலே பதியப்படும். மூன்றாவது பேரேடு. நாளேட்டின் ஒவ்வொரு பதிவும் இதிலே இரு கணக்குகளில், ஒரு பக்கத்தில் வரவாகவும் மறு பக்கத்தில் செலவாகவும் ஏற்றப்படும்.

இம்மூன்றனுள் நினைவேடே இன்று எம் கவனத்துக்குரியது. வர்த்தக பாடம் படிக்கும் மாணவர் நாளேட்டையும் பேரேட்டையும் நன்கறிவர். நினைவேடு காலப்போக்கில் வழக்கொழிந்து, அதனிடத்தைச் சீட்டுகளும் பற்றுச்சீட்டுகளும் பிடித்துக்கொண்டன. இம்மாற்றத்தால் எண் தப்பிற்று, சூழ்நிலை தப்பவில்லை. யார் வந்தார், யாது பேசினார், எவ்வகை நாணயம் தந்தார், எந்த நிபந்தனை கூறினார் என்பவற்றையெல்லாம் நினைவேடு தாங்கியிருந்தது. இன்றைய முதலீட்டாளனுக்கு வேண்டப்படும் நாளேடு, பெயரால் நாளேடாயினும் இயல்பால் பச்சோலி கூறிய நினைவேட்டின் வழிவந்ததே.

இரண்டாம் படி ஒல்லாந்திலே நிகழ்ந்தது. அதன் விளைவுகள் எமது தீவின் கரைகளையும் தொட்டன. 1602 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பட்டயம் பெற்றது. அவ்வாண்டு ஓகத்து மாத இறுதிவரை பொதுமக்கள் எவரும் மூலதனம் இடலாம் என அறிவிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமிலே இதற்கான ஏடு, பணிப்பாளருள் ஒருவரான டேர்க் வான் ஓசின் இல்லத்திலே திறந்து வைக்கப்பட்டது. அந்நகரில் மட்டும் 1143 பேர் 36 இலட்சம் கில்டருக்கு மேல் எழுதிக் கொடுத்தனர். பெருவணிகர் பல்லாயிரம் எழுதினர்; அவ்வில்லத்தின் பணிப்பெண்ணும் ஏடு மூடப்படும் தறுவாயில் 100 கில்டர் எழுதினாள்.

இங்கே மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பங்குதாரருக்குப் பங்குப் பத்திரம் எதுவும் வழங்கப்படவில்லை. கம்பனியின் பேரேட்டில் ஒருவர் பெயரின் கீழ் இருந்த தொகையே அவர் உடைமை. பங்கைக் கைமாற்ற விரும்பின், விற்போரும் வாங்குவோரும் கிழக்கிந்திய இல்லத்துக்குச் சென்று கணக்கர் முன் நிற்க, இரு பணிப்பாளர் இசைவுடன் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்குக்குத் தொகை மாற்றப்படும். 1603 ஆம் ஆண்டு மார்ச்சிலே இவ்வகைக் கைமாற்றங்கள் தொடங்கிவிட்டன. எனவே, உலகின் முதற் பெரும் பங்குச் சந்தை தாள்களின் சந்தையாகத் தொடங்கவில்லை. ஒரு பேரேட்டின் சந்தையாகவே தொடங்கிற்று. பல நூற்றாண்டுகளின் பின் கொழும்பிலும் இந்நிலை மீண்டது. 1896 ஆம் ஆண்டிலே தோட்டக் கம்பனிகளின் பங்குகளை விற்கவும் வாங்கவும் தரகர் சங்கம் அமைந்த காலந்தொட்டு நெடுங்காலம் பத்திரங்களே கைமாறின. 1991 ஆம் ஆண்டில் மத்திய வைப்பு முறைமை நிறுவப்பட்டபின், பங்குடைமை மீண்டும் ஏட்டுப் பதிவாயிற்று. ஏடு மட்டும் மின்கணினிக்கு மாறிவிட்டது.

பேரேடு உடைமையைத் துல்லியமாகக் காட்டிற்று. கம்பனியின் உண்மை நிலையை அது காட்டிற்றா என்பது வேறு வினா. பங்குதாரர் முதற் பங்கிலாபத்தைப் பெற எட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 1610 ஆம் ஆண்டிலே அது கிடைத்தபோது பணமாகக் கிடைக்கவில்லை, சாதிபத்திரியாகக் கிடைத்தது. பத்து ஆண்டுகளின் பின் கணக்குக் காட்டப்படும் எனப் பட்டயம் கூறியிருந்தும் 1612 ஆம் ஆண்டிலே அது காட்டப்படவில்லை. 1622 ஆம் ஆண்டளவில் அதிருப்தியுற்ற பங்குதாரர் துண்டுப் பிரசுரங்களை வெளியிட்டனர். கணக்கேடுகளுக்குப் பன்றிக் கொழுப்புப் பூசி நாய்களுக்கு உணவாக்கிவிட்டார்களோ என அவற்றுள் ஒன்று எள்ளி நகையாடிற்று. பிறர் எழுதும் ஏடு எமக்குக் காட்டப்படாவிடின் அது எமக்குப் பயன்படாது என்னும் உண்மையை முதலீட்டாளர் வரலாற்றின் தொடக்கத்திலேயே உணர்ந்தனர்.

அதே காலத்திலே ஏட்டுக்கு வெளியே மற்றொரு வாணிகம் வளர்ந்தது. பேரேட்டில் மாற்றம் செய்யக் காலமும் கட்டணமும் வேண்டப்பட்டமையால், பிற்காலத்து நாளொன்றைக் குறித்து விலை பேசும் ஒப்பந்தங்கள் பெருகின. தம்மிடம் இல்லாத பங்கை விற்று, விலை வீழ்ந்தபின் வாங்கி ஒப்படைக்கக் கருதியோரும் தோன்றினர். கம்பனியோடு பகைகொண்டு பிரிந்த ஈசாக் லெ மெயர் என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1609 ஆம் ஆண்டிலே இவ்வாறு விலையை வீழ்த்த முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். இல்லாத பங்கை விற்பதற்கு 1610 ஆம் ஆண்டிலே தடை பிறந்தது. ஆயினும் வழக்கம் ஒழியவில்லை. 1688 ஆம் ஆண்டிலே யோசப் டி லா வேகா என்பவர் அம்ஸ்டர்டாமில் வெளியிட்ட உரையாடல் நூல், பங்குச் சந்தை பற்றி எழுந்த முதல் நூலாகக் கருதப்படுகின்றது. குழப்பங்களின் குழப்பம் என்பது அதன் பெயரின் பொருள். அச்சமும் ஆசையும் வதந்தியும் விலையை எவ்வாறு அலைக்கழித்தன என்பதை அந்நூல் காட்டுகின்றது. விலை மாறுவதற்கு முன் சந்தையிலுள்ளோர் மனம் மாறிவிடுகின்றது. மனத்தின் மாற்றத்தை எந்தப் பேரேடும் பதியவில்லை.

மனம் எத்துணை வலியது என்பதற்குச் சேர் ஐசாக் நியூட்டனின் வரலாறு சான்று. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே பயின்ற இளமைக் காலத்தில் அவர் தம் செலவுகளைச் சிறு ஏட்டில் எழுதி வைத்தார். 1662 ஆம் ஆண்டிலே தாம் செய்த பாவங்கள் எனக் கருதியவற்றையும் சுருக்கெழுத்தில் அதே ஏட்டிற் பட்டியலிட்டார். பிற்காலத்திலே அரச நாணயசாலையின் தலைவராகிப் பொன்னையும் வெள்ளியையும் நுணுகி நிறுத்துக் கணக்குக் காட்டினார். இத்தகைய ஒருவர் 1720 ஆம் ஆண்டிலே தென்கடற் கம்பனியின் பங்குகளில் யாது செய்தார் என்பதை நோக்குவோம்.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் 100 பவுண் முகப்பெறுமதியுள்ள அக்கம்பனிப் பங்கின் விலை ஏறத்தாழ 128 பவுண். கோடையிலே அது 1000 பவுணை அண்மித்தது. செத்தெம்பர் முடிவில் மீண்டும் 200 பவுணுக்குக் கீழ் வீழ்ந்தது. நியூட்டன் முன்னரே வாங்கி வைத்திருந்த பங்குகளை இளவேனிலில் விற்று நல்ல இலாபம் பெற்றார். அத்துடன் நின்றிருப்பின் அவர் செயலை நாம் விவேகத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறியிருப்போம். விலை மேலும் மேலும் ஏறக்கண்டு, கோடைத் தொடக்கத்திலே முன்னையினும் மிகுந்த விலைக்குப் பெருந்தொகையாக மீண்டும் வாங்கினார். அவருடைய உறவினர் வழிவந்த செய்தி, இழப்பு 20,000 பவுண் எனக் கூறுகின்றது. அவர் வறியவராகிவிடவில்லை, 1727 ஆம் ஆண்டில் இறந்தபோதும் செல்வராகவே இறந்தார். எனினும் இழப்புப் பெரிதே.

இதே பங்கை வைத்திருந்தவர் இலண்டன் நூல் வணிகர் தோமஸ் கை. அவரும் 1720 ஆம் ஆண்டின் இளவேனிலிலே சிறிது சிறிதாக விற்கத் தொடங்கினார். 45,500 பவுண் முகப்பெறுமதியுள்ள பங்குகள் ஏறத்தாழ 234,000 பவுணுக்கு விலைபோயின. அவர் மீண்டும் சந்தைக்குள் இறங்கவில்லை. அவர் நிறுவிய வைத்தியசாலை 1725 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டு இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இளவேனிலில் இருவர் தீர்ப்பும் ஒன்றே. வேறுபாடு பின்னர் வந்தது. விற்றமைக்குரிய காரணம் யாது, அக்காரணம் இப்போது மாறிவிட்டதா என்னும் இரு வினாக்களுக்கும் விடை எழுதாமல் மீண்டும் வாங்குவதில்லை என நியூட்டன் ஒரு விதி வைத்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும் என்று கூற எவராலும் இயலாது. கம்பனியின் கடலோடும் வாணிகம் அவ்விரு மாதங்களில் வளர்ந்துவிடவில்லை என்பது மட்டும் உறுதி. வளர்ந்தது விலையும் பிறர் இலாபம் பற்றிய பேச்சுமே. எண்களைப் பிழையின்றிக் கூட்டத் தெரிந்தமையும் தன் மனத்தைக் கணக்கெடுக்கத் தெரிந்தமையும் வெவ்வேறு ஆற்றல்கள்.

மூன்றாம் படியை இருபதாம் நூற்றாண்டின் கேம்பிறிட்ஜிலே காண்கின்றோம். பொருளியலறிஞர் ஜோன் மேனாட் கெயின்ஸ் 1919 ஆம் ஆண்டிலே கிங்ஸ் கல்லூரியின் இரண்டாம் பொருளாளரானார். 1924 ஆம் ஆண்டு தொடக்கம் 1946 ஆம் ஆண்டில் இறக்கும்வரை முதற் பொருளாளராக விளங்கினார். நிலமும் அரசாங்கக் கடன்பத்திரமுமே கல்லூரிகளுக்குரிய முதலீடு எனக் கருதப்பட்ட காலத்திலே, சாதாரண பங்குகளை வாங்கலாம் எனக் கல்லூரியை இசையச் செய்தார். 1920 ஆம் ஆண்டளவில் 30,000 பவுண் மூலதனத்துடன் ஒரு நிதி அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதன் வருமானம் செலவிடப்பட்டு வந்தபோதும், அவர் இறந்த காலத்திலே மூலதனம் ஏறத்தாழ 380,000 பவுணாக வளர்ந்திருந்தது.

தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் நோக்குவோர் இதனை ஒரு வெற்றிக் கதையாகவே படிப்பர். ஆண்டு வாரியான ஏடுகள் வேறொரு கதையைக் கூறுகின்றன. 1920 ஆம் ஆண்டு மே மாதத்திலே, அவர் தமக்காகவும் நண்பர்களுக்காகவும் செய்த அயல்நாட்டு நாணய வாணிகம் சரிந்தது. தந்தையாரின் உதவியும் கடனுமே அவரைத் தாங்கின. அப்பத்தாண்டு முழுவதும் அவர் கையாண்ட முறை, நாட்டின் பொருளாதார நிலை ஏறும் காலத்தை முன்னறிந்து பங்குகளை வாங்கி, இறங்கும் காலத்தை முன்னறிந்து விற்பதாகும். பொருளியலில் அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே. எனினும் அக்காலத்தில் அவர் பங்குகளில் ஈட்டிய பயன் பிரித்தானியப் பங்குகளின் பொதுச் சராசரியை விஞ்சவில்லை. 1929 ஆம் ஆண்டின் பெருவீழ்ச்சியையும் அவர் முன்னறியவில்லை. அண்மைக் காலத்தில் கல்லூரியின் ஆவணங்களிலுள்ள கொடுக்கல் வாங்கல்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தோரே இதனை நிறுவினர்.

முப்பதுகளிலே கெயின்ஸ் தம் முறையை மாற்றினார். பொதுநிலையின் ஏற்ற இறக்கத்தைத் துரத்துவதை விடுத்து, தாம் நன்கறிந்த சில கம்பனிகளின் பங்குகளை அவற்றின் உண்மைப் பெறுமதிக்குக் குறைந்த விலையில் வாங்கி, இடையில் விலை வீழினும் கைவிடாது வைத்திருக்கலானார். 1937-38 இல் விலைகள் வீழ்ந்து கல்லூரிக்கு நட்டம் நேர்ந்தபோது, 1938 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் கல்லூரிக் குழுவுக்கு ஓர் அறிக்கை எழுதினார். முன்னர்க் கையாண்ட முறை நடைமுறைக்கு ஒவ்வாதது, செலவு மிக்கது, மனத்தைச் சூதின்பால் இழுப்பது என அதிலே வெளிப்படையாகக் கூறினார். ஒரு சிலவற்றை ஆராய்ந்து தெரிதல், அவற்றை இடர்க்காலத்திலும் விடாது பற்றியிருத்தல், ஒன்றன் இடரை மற்றொன்று ஈடு செய்யும்படி சமநிலை பேணல் ஆகிய மூன்று நெறிகளையும் வகுத்தார். இம்மாற்றத்தின் பின்னரே அவர் பெற்ற பயன் பொதுச் சராசரியைத் தெளிவாக விஞ்சியது.

இவ்வறிக்கையின் சிறப்பு அதன் நெறிகளில் மட்டும் தங்கியிருக்கவில்லை. இருபது ஆண்டுக் கொடுக்கல் வாங்கல்கள் எழுதப்பட்டிருந்தமையாலும், அவற்றுக்கு ஆண்டுதோறும் கல்லூரிக்கு விடை கூற வேண்டியிருந்தமையாலுமே அவர் தம் முறையைத் தாமே விசாரிக்க முடிந்தது. தனக்கென ஏடு வைப்போனுக்குக் கேள்வி கேட்கும் குழு இல்லை. ஏடே அக்குழுவாக இருத்தல் வேண்டும். வரலாறு இவ்விரு அறிஞரையும் மற்றொரு வகையிலும் இணைத்துள்ளது. 1936 ஆம் ஆண்டிலே நியூட்டனின் கையெழுத்துப் பிரதிகள் இலண்டனில் ஏலம் விடப்பட்டபோது அவற்றுட் பலவற்றைத் தேடிச் சேர்த்துக் காத்தவர் கெயின்ஸே. அவை இன்று கிங்ஸ் கல்லூரியில் உள.

எழுதி வைத்தல் ஏன் இத்துணை இன்றியமையாதது? நல்ல நினைவாற்றல் உள்ளோர்க்கு ஏடு வேண்டுமோ எனச் சிலர் ஐயுறலாம். இதற்கு உளவியல் ஒரு விடை தருகின்றது. 1972 ஆம் ஆண்டிலே அமெரிக்க சனாதிபதி நிக்சன் பீக்கிங்குக்கும் மொஸ்கோவுக்கும் பயணம் செய்யுமுன், அப்பயணங்களில் இன்னின்ன நிகழ்தல் எத்துணை இயலும் என மாணவர் சிலரைக் கேட்டு அவர்தம் விடைகளைப் பதிந்துகொண்டனர் பிஷ்ஹொப், பேத் என்னும் ஆய்வாளர். பயணம் முடிந்தபின், முன்னர்த் தாம் கூறிய விடையை நினைவுகூருமாறு கேட்டனர். நிகழ்ந்தவற்றைத் தாம் முன்னரே மிகுதியாக எதிர்பார்த்ததாகவே பலரும் நினைவுகூர்ந்தனர். அவர்கள் பொய் கூறினாரல்லர். அவர்தம் நினைவே முடிவுக்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. 1975 ஆம் ஆண்டில் வெளிவந்த இவ்வாய்வு நாளேட்டின் தேவையை ஐயமின்றி விளக்குகின்றது. இலாபம் கண்டோன் அதனைத் தன் அறிவின் பயன் என்பான். நட்டம் கண்டோன் எனக்கு அப்போதே ஐயமிருந்தது என்பான். இருவரும் உண்மை பேசுவதாகவே நம்புவர். அன்று எழுதிய ஒரு வரி மட்டுமே இந்நம்பிக்கையை மறுக்கவல்லது.

தமிழிலே இதற்கு ஒரு சான்று உண்டு. புதுச்சேரியிலே பிரெஞ்சுக்காரரின் துபாசியாக விளங்கிய வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 ஆம் ஆண்டு தொடக்கம் 1761 ஆம் ஆண்டுவரை எழுதிய நாட்குறிப்பு பங்கு வாணிகம் பற்றியதன்று. எனினும் வணிகர் ஒருவரின் ஏடே அது. கப்பல் வரவு, சரக்கு, வதந்தி, தாம் கேட்டது, பிறர் கூறியது என்பவற்றை அன்றன்று அவர் பதிந்தார். பின்னர்ப் பொய்யாய் முடிந்த செய்திகளும் அவ்வேட்டில் அப்படியே உள. முடிவு தெரிந்தபின் அவர் எழுதியிருப்பின் அவை விடுபட்டிருக்கும். நூலின் பெறுமதியும் குன்றியிருக்கும். பொய்த்த எதிர்பார்ப்பை அழியாது வைத்திருத்தலே நாட்குறிப்பின் முதல் அறம்.

இனி, இவ்வேட்டை எழுதும் முறை பற்றிச் சில கூறுதல் மாணவர்க்குப் பயன்படும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் நாள், கம்பனி, பங்குத் தொகை, விலை, தரகும் பிற கட்டணமும் ஆகியவற்றை எழுதியபின், வாங்கும் காரணத்தை இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுதல் வேண்டும். எது நிகழ்ந்தால் அக்காரணம் பிழை எனக் கொள்ளப்படும் என்பதையும் அப்போதே எழுதுதல் வேண்டும். விற்கும்போது முன்னைய பதிவைத் திருத்தாது, புதிய பதிவாக எழுதுதல் வேண்டும். பெற்ற பங்கிலாபமும் தவறாது பதியப்படல் வேண்டும்.

பயனை அளத்தலிலும் கவனம் வேண்டும். 100 ரூபா முதல் ஆண்டில் 50 வீதம் குறைந்து அடுத்த ஆண்டில் 50 வீதம் கூடினால், சராசரி சுழியம் எனத் தோன்றும்; கையிலிருப்பதோ 75 ரூபா. இடையிலே புதுப்பணம் இடுவோர்க்கு மயக்கம் இன்னும் பெரிது. ஒருவன் 1000 ரூபாவை 10 ரூபா வீதம் 100 அலகுகளாகக் கொண்டு தொடங்குகின்றான் என்க. ஆண்டின் நடுவில் அதன் பெறுமதி 800 ரூபாவாக வீழ்கின்றது. ஓர் அலகு 8 ரூபா. அப்போது மேலும் 1000 ரூபா இடுகின்றான். அதற்கு 125 அலகுகள் சேர்கின்றன. ஆண்டு முடிவில் மொத்தப் பெறுமதி 2025 ரூபா. இட்டது 2000, இருப்பது 2025, ஆதலின் இலாபம் என்று மகிழ்வான். 225 அலகுகளால் வகுத்துப் பார்ப்பின் ஓர் அலகு 9 ரூபாவே. அவன் தெரிந்த பங்குகள் அவ்வாண்டில் 10 வீதம் இழந்துள்ளன. கையில் வந்த 25 ரூபாவும் உண்மை. பங்குகள் இழந்ததும் உண்மை. விலை தாழ்ந்த வேளையிற் புதுப்பணம் வந்தமையால் முன்னையது நேர்ந்தது. இரண்டையும் பிரித்தெழுதாதவன் வேளையின் பயனைத் தெரிவின் பயனாகக் கொள்வான். இவ்வாறு பெற்ற விடையைச் சந்தையின் பொதுச் சுட்டெண்ணோடு ஒப்பிட்ட பின்னரே ஒருவன் தன் திறமையைப் பற்றிப் பேசத் தகுவான். எல்லாப் பங்குகளும் ஏறும் ஆண்டில் ஏறியது திறமைக்குச் சான்றாகாது.

ஏட்டுக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. ஒல்லாந்தக் கம்பனி 1656 ஆம் ஆண்டிலே கொழும்பையும் 1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றி, 1796 ஆம் ஆண்டுவரை எமது கரையோரங்களை ஆண்டது. தென்மேற்குக் கரையிலே கறுவாப்பட்டை உரித்தோர் கட்டாய ஊழியமாகவே அதனை உரித்தனர். வடக்கிலே சாயவேர் தோண்டப்பட்டது. யானைகள் ஊர்காவற்றுறையிலிருந்து கப்பலேறின. இவற்றின் ஊதியம் அம்ஸ்டர்டாமின் பேரேட்டிலே பங்கிலாபமாகப் பதியப்பட்டது. உரித்தோன் பெயரும் தோண்டினோன் பெயரும் அவ்வேட்டில் இல்லை. இரட்டைப் பதிவின் இரு பக்கங்களும் ஒரு காசும் பிசகாது சமப்பட்டிருந்தன. ஆயினும் ஒரு பக்கம் முழுவதும் எழுதப்படாமலே போயிற்று. நூறு பங்கு வாங்கும் ஒருவன் விலையோடு அக்கம்பனியின் தொழில் யாது, அதில் உழைப்போர் எந்நிலையில் உள்ளனர் என ஒரு வரி எழுதுவானாயின், அவன் நாளேடு அம்ஸ்டர்டாமின் பேரேட்டினும் நிறைவுடையதாகும்.

தத்தீனி கடனை எழுதினான். கம்பனியின் கணக்கர் உடைமையை எழுதினார். கெயின்ஸ் தம் முறையின் குறையை எழுதினார். இம்மூன்றனுள் கடைசியதே அரியது. எதிர்காலத்தை அறிய எந்த ஏடும் உதவாது. ஆயின், நேற்று நாம் எதை நம்பினோம், எவ்வளவு அறிந்திருந்தோம் என்பதை மறைக்காது காட்ட அது உதவும். வரலாறு கற்போர் சான்றுகளை எவ்வாறு மதிக்கின்றனரோ அவ்வாறே தம் செயலின் சான்றுகளையும் மதிக்கப் பழகுவாராயின், ஈட்டும் பொருள் சிறிதாயினும் பெறும் தெளிவு பெரிதாகும்.